இரண்டாவது ஸ்லாட்

வெள்ளிக்கிழமை முகூர்த்தம். திங்கட்கிழமை விடிந்தும் மலர்கொடியின் கையில் கேமரா இல்லை.

இருந்த பழைய கேமரா தை மாதக் கடைசியில் ஒரு வளைகாப்பில் உயிரை விட்டது. வளையல் அடுக்கிய கைக்கு நேரே அவள் குனிந்தபோது உள்ளே ஏதோ முறிந்த சத்தம் கேட்டது, அவ்வளவுதான். மீதிப் படங்களைக் கைபேசியில் எடுத்து, இருக்கிற சாமியை எல்லாம் கூப்பிட்டு, எப்படியோ ஒப்பேற்றினாள்.

காது குத்து, மஞ்சள் நீர், வளைகாப்பு என்று சுற்றுப்பட்ட ஊர்களில் பெண்கள் கூடும் விசேஷங்களுக்குத்தான் இதுவரை அவளைக் கூப்பிட்டார்கள். முதல் முறையாக ஒரு கல்யாணம் வந்திருந்தது, அதுவும் சுரங்கக்காரர்கள் குடியிருக்கும் நகரியத்துக்குள். எட்டாவது பிளாக் குவார்ட்டர்ஸில் இருக்கும் நெடுமாறன் மைன்ஸில் பர்மனென்ட் ஆள். அவருடைய மகளுக்குத்தான் கல்யாணம். எல்லாம் பேசி முடித்து அட்வான்ஸ் கை மாறும் நேரத்தில், கல்யாணப் பெண் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கி, "அக்கா, ஃபுல் ஃப்ரேம் கேமராலதானே எடுப்பீங்க?" என்று கேட்டாள். "ஆமாம்மா" என்று மலர்கொடிக்கு வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் தன்னிடம் எந்த ஃப்ரேமும் இல்லை என்பது உறைத்தது.

"அது என்னா ஃபுல் ஃப்ரேமு? மத்ததெல்லாம் அரை ஃப்ரேமா?" என்று வீட்டில் சுதாகர் கேட்டான். சுதாகர் அவள் புருஷன். மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை.

"உள்ள படம் விழுற தகடு பெருசா இருக்கும். மண்டபத்துல அழுது வடியிற வெளிச்சத்துலயும் மூஞ்சி தெளிவா விழும்."

"என் மூஞ்சியுமா?"

"அதுக்கு வேற கேமரா வரணும்."

சீட்டு எடுத்த பணம் கையில் இருந்தது. புதிதாக வாங்க அது காணாது. ஆளிடம் ஓடின கேமராதான் பார்க்க வேண்டும். அப்படி இரண்டு அகப்பட்டன.

ஒன்று நிக்கான். மந்தாரக்குப்பம் பழனிவேலுடையது. இந்தப் பக்கத்தில் கல்யாணப் படம் என்றால் அவர் பெயரைச் சொல்லாத ஆள் கிடையாது. புதுசு ஒன்று வாங்கியிருந்ததால் பழையதைக் கொடுத்துவிட நினைத்தார். கனமான கேமரா, கழுத்தில் மாட்டினால் சாயங்காலம் தோள் கேட்கும். ஆனால் ஒரு பேட்டரி போட்டால் முகூர்த்தம் முடிகிற வரை நிற்கும். மலர்கொடியிடம் இருந்த இரண்டு லென்ஸும் அதற்கு அப்படியே பொருந்தும். எல்லாவற்றுக்கும் மேலாக அதில் இரண்டு கார்டு போடலாம். ஒன்று மக்கர் பண்ணினாலும் இன்னொன்றில் படம் இருக்கும். தாலி கட்டுவது ஒரே ஒரு தடவைதான். இன்னொரு முறை கட்டச் சொல்லி மாப்பிள்ளையைக் கேட்க முடியாது.

மற்றது சோனி. மெயின் பஜாரில் கேமரா பழுது பார்க்கிற கடை வைத்திருக்கும் ஜெயப்பிரகாஷிடம் விலைக்கு வந்திருந்தது. பாதி எடைதான். எடுக்கப்போகிற படம் எடுப்பதற்கு முன்பே கண்ணுக்கு உள்ளே தெரியும், இருட்டா வெளிச்சமா என்று தடவ வேண்டாம். முகத்தைத் தானே தேடிப் பிடித்துக்கொள்ளும். கார்டு மட்டும் ஒன்றுதான், பேட்டரியும் அடிக்கடி தீரும். கூட வரும் லென்ஸோடு சேர்த்தே விலை அவள் பணத்துக்குள் அடங்கியது. நிக்கான் அடங்கவில்லை, தோட்டைக் கழற்றினால்தான் எட்டும்.

"விருத்தாசலத்துலேர்ந்து ஒரு பையன் கேட்டுக்கினே இருக்கான். திங்கக்கெழம சாயந்தரம் வரைக்கும் உனக்காக வெக்கிறேன், அப்புறம் என்னக் குத்தம் சொல்லக்கூடாது" என்றார் ஜெயப்பிரகாஷ்.

இந்தப் பக்கத்துப் படக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆளிடம் ஓடின கேமராவை விற்பவர், வாங்குகிறவர் கையில் கொடுத்து, "ஒரு விசேஷம் ஓட்டிப் பாரு" என்பார். ஒரு விசேஷம் முழுக்க ஓடினால்தான் பேச்சு. பழனிவேல் அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை காலை நிக்கானைக் கொடுத்தனுப்பினார். அதற்கு முந்தின நாள் வரை அவரே அதில் கடைசியாக ஒரு கல்யாணம் எடுத்துவிட்டுத் தூங்காத கண்ணோடு இருந்தார்.

மலர்கொடி அதைக் காடாம்புலியூரில் ஒரு காது குத்துக்குக் கொண்டு போனாள். மாமன் மடியில் குழந்தையை உட்காரவைக்கும் முன்பே கேமராவைத் திறந்தாள். கார்டு சொருகும் முதல் ஸ்லாட் காலியாக இருந்தது, தன் கார்டைப் போட்டாள். இரண்டாவது ஸ்லாட்டில் ஒரு கார்டு இருந்தது. "தங்கச்சிக்கு இருக்கட்டும்னு அண்ணன் ஒண்ணு விட்டுக் குடுத்திருக்காரு" என்று மனசு குளிர்ந்தது.

எந்த விசேஷத்துக்கும் முதல் படத்துக்கு முன் கார்டை ஃபார்மேட் செய்து துடைத்துவிட்டுத்தான் அவள் ஆரம்பிப்பாள். கோலம் போடுமுன் வாசல் தெளிப்பது மாதிரி அது கையோடு ஊறின பழக்கம். ஒரு கார்டு போடும் கேமராவிலேயே காலம் தள்ளியவளுக்கு, இரண்டாவதைத் திறந்து பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. இரண்டையும் துடைத்தாள். அன்று முழுக்க நிக்கான் சொன்ன பேச்சுக் கேட்டது. சாயங்காலமே கொண்டுபோய்ப் பழனிவேல் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். தன் கார்டை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை பழனிவேலிடமிருந்து போன் வந்தது.

"பாப்பா, ரெண்டாவது ஸ்லாட்டுல கார்டு ஒண்ணு இருந்துச்சே. நீ பாக்கும்போது அதுல எதனா படம் இருந்துதா?"

மலர்கொடி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்னாண்ணே?"

"மொத கார்டு நெறஞ்சதும் மிச்சம் ரெண்டாவதுல விழற மாதிரி வெச்சிருந்தேன். காலையில கம்ப்யூட்டர்ல ஏத்தறேன், ரிசப்ஷன் வரைக்கும்தான் இருக்குது. முகூர்த்தம் மொத்தமும் ரெண்டாவதுலதான் இருக்கணும். அது மொட்டையா கெடக்குது. எடுக்கும்போது ஸ்கிரீன்ல பாத்தேனே பாப்பா, நல்லா பாத்தேன். கார்டுல ஏறவே இல்ல போலக்கீது. நீ கவனிச்சியா?"

"கவனிக்கலண்ணே" என்றாள்.

அது பொய் இல்லை. அவள் கவனிக்கவில்லைதான். ஆனாலும் அந்தச் சொல் வாயை விட்டு வெளியே போனதும் பொய் சொன்ன மாதிரியே இருந்தது.

"அப்ப ஸ்லாட்டுதான் போயிருக்கு" என்றார் பழனிவேல். குரல் ஒரே ராத்திரியில் கிழடு தட்டியிருந்தது. "சாயந்தரம் ஜெயப்பிரகாசு கடைக்கி எடுத்துக்கினு போறேன். நீயும் வா. ஸ்லாட்டு போனத நல்ல விலைக்கி உன் தலையில கட்ட மாட்டேன். கொறச்சே எடுத்துக்க. ஒரு கார்டுல ஓட்டிக்கலாம்."

போனை வைத்துவிட்டு அவள் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மதியம் செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சுதாகரிடம் நடந்ததைச் சொன்னாள். அவன் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே கேட்டான்.

"அவரு கேட்டாரா, நீ அழிச்சியான்னு?"

"இல்ல."

"அவரு கார்ட எடுக்காம குடுத்தது அவரு தப்பு. உன் மேல என்னா இருக்கு? சொல்லிட்டா படம் திரும்பி வந்துடுமா?"

வரலாம். அதுதான் அவளை அறுத்தது. போன வருஷம் தன் கார்டு ஒன்றைத் தவறித் துடைத்துவிட்டு அழுதுகொண்டு போனபோது, ஜெயப்பிரகாஷ்தான் கம்ப்யூட்டரில் போட்டு மீட்டுக் கொடுத்தார். துடைத்தாலும் படம் உள்ளேதான் இருக்கும், மேலே வேறு படம் ஏறாத வரை தப்பிக்கலாம் என்று அப்போது அவர் சொல்லியிருந்தார். காது குத்துப் படங்கள் எல்லாம் அவளுடைய கார்டிலேயே அடங்கிவிட்டன. இரண்டாவதில் ஒன்றும் விழவில்லை.

"சொன்னா நிக்கானத் தர மாட்டாரு" என்றாள். "ஊரு பூரா சொல்லுவாரு. நெடுமாறன் சார் வூட்டுக்கும் போவும். அடுத்தவன் கல்யாணத்தையே அழிச்சவ நம்ம கல்யாணத்துக்கு எதுக்குன்னு கேப்பாங்க."

"அதத்தான் நானும் சொல்றேன். வாய மூடிக்கினு கொறஞ்ச விலைக்கு வாங்கு. சாமியா பாத்துக் குடுக்குது." அவன் செருப்பை மாட்டினான். வாசலில் கொஞ்சம் நின்றான். "என்னமோ போ. நீ நல்லா தூங்கற வழியா பாத்துப் பண்ணு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

மாலையில் கிளம்புமுன் விளக்கேற்றப் போனாள். அவள் அம்மா வீட்டில் வடலூர் பக்தி. ஜோதிக்கு முன்னால் நின்றால் மனசில் எதையும் மூடி வைக்கக் கூடாது என்று சின்ன வயசிலிருந்து சொல்லி வளர்த்தார்கள். திரியைத் தூண்டிவிட்டு நின்றவளுக்கு, வேண்டிக்கொள்ள ஒன்றும் வரவில்லை. சுடர் அதுபாட்டுக்கு நின்று எரிந்தது. அதைப் பார்க்கத்தான் இவளுக்குக் கண் கூசியது.

மெயின் பஜாரில் சைக்கிளை நிறுத்தும்போதே பழனிவேலின் வண்டி கடை வாசலில் இருந்தது. உள்ளே ஜெயப்பிரகாஷின் மேசையில் நிக்கானும் சோனியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. பழனிவேல் பிரம்பு மோடாவில் உட்கார்ந்து இரண்டு முட்டியையும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வா பாப்பா" என்றார் அவர். எழுந்திருக்கவில்லை.

"வாம்மா, உன் மாப்பிள்ளைங்க ரெண்டு பேரும் வந்தாச்சு" என்றார் ஜெயப்பிரகாஷ். "ஒருத்தருக்கு ஒடம்பு சரியில்ல. இன்னொருத்தர் கல்லு மாதிரி இருக்காரு. நீயே பாத்துக்க."

"உன் சோனிய விக்கிறதுக்கு என் கேமராவுக்குப் பாடை கட்டாத" என்றார் பழனிவேல்.

"நான் எதுக்குண்ணே கட்டறேன். கார்டுல ஏறலன்னு நீதான சொல்ற."

பழனிவேலின் கைபேசி அடித்தது. பெயரைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. அவர் எடுத்த கல்யாணத்துப் பெண்ணின் அம்மா திலகவதி. கடை சின்னது, அந்தப் பக்கத்துக் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"தம்பி, ஆல்பம் மெதுவா குடுங்க, அவசரமில்ல. தாலி கட்டற படம் ஒண்ணே ஒண்ணு மட்டும் அனுப்புங்க. பொண்ணு ராத்திரி மாப்ள கூட பெங்களூரு போவுது. அது போறதுக்குள்ள ஒருக்கா கண்ணால பாத்துக்கறேன்."

"அனுப்பறேம்மா. வேலையாத்தான் இருக்கேன்."

"நாளைக்கின்னாலும் சரி. தப்பா எடுத்துக்காதீங்க."

"இல்லம்மா. அனுப்பிடறேன்."

அவர் போனை மடியில் கவிழ்த்து வைத்தார். கல்யாணங்களில் கூட்டத்தையே குரலால் அடக்குகிற மனுஷன், தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதை மலர்கொடி அன்றுதான் பார்த்தாள்.

"அந்தம்மாட்ட என்னான்னு சொல்லுவேன்" என்றார் யாரிடமோ.

"மொதல்ல ஸ்லாட்டப் பாத்துடலாம்" என்று ஜெயப்பிரகாஷ் நிக்கானை எடுத்தார். பழனிவேல் சட்டைப் பையிலிருந்து அந்தக் கார்டை எடுத்துக் கொடுத்தார். "இதையே போடு. இதுலதான் ஏறல."

கார்டு இரண்டாவது ஸ்லாட்டுக்குள் போய் நின்ற சின்னச் சத்தம் மலர்கொடிக்குக் கேட்டது. முதல் ஸ்லாட்டைக் காலியாகவே விட்டு ஜெயப்பிரகாஷ் மூடியை மூடினார்.

"விரல எடுக்காம அமுக்கினா சரசரன்னு ஓடும். கார்டு நெறையற வரைக்கும் ஓட்டிடலாம். ஏறுதா இல்லியான்னு சந்தேகத்துக்கு எடமில்லாம தெரிஞ்சிடும்."

அவர் லென்ஸ் மூடியைக் கழற்றினார். கடை வாசலை நோக்கித் திருப்பினார். சைக்கிள், வாழைப்பழ வண்டி, எதிர்க்கடைப் பெயர்ப் பலகை என்று ஏதோ ஒன்று அந்தத் தாலியின் மேல் ஏறி உட்காரப் போகிறது. அதற்குப் பிறகு சொன்னாலும் ஒன்றுதான், சொல்லாவிட்டாலும் ஒன்றுதான். இன்னும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் எல்லாம் தானே முடிந்துவிடும். அவள் சும்மா இருந்தாலே போதும்.

ஜெயப்பிரகாஷின் விரல் பொத்தானுக்குப் போனது.

"அமுக்காதீங்க" என்றாள்.

அவர் கேமராவை இறக்கவில்லை. "ஏம்மா?"

"அமுக்காதீங்கண்ணே. கார்ட வெளிய எடுங்க. ஸ்லாட்டுக்கு ஒண்ணுமில்ல." மேசைக்குக் கிட்டே வந்தாள். "நான்தான் ஃபார்மேட் பண்ணேன். காது குத்துக்கு முன்னாடி, உள்ள என்னா இருக்குன்னு பாக்காம. எனக்காக வெச்ச காலி கார்டுன்னு நெனச்சேன். அதுல ஒண்ணும் எடுக்கல. இப்ப போட்டா திரும்ப வரும்."

ஜெயப்பிரகாஷ் உடனே மூடியைத் திறந்து கார்டை எடுத்தார். பழனிவேல் எழுந்து நின்றிருந்தார்.

"காலையில கேட்டேனே பாப்பா."

"கேட்டீங்க."

"கவனிக்கலன்ன."

"ஆமாண்ணே. பயந்துட்டேன்."

"பகல் பூரா இந்தக் கார்ட கையில வெச்சிக்கினு சுத்தறேன். சும்மா ஒருக்கா அடிச்சுப் பாத்திருந்தேன்னா?" அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. "உனக்கு கேமராவுந் தர மாட்டேன், ஒண்ணுந் தர மாட்டேன். போ."

மலர்கொடி போகவில்லை. படம் வருகிறதா என்று தெரியாமல் எப்படிப் போவது. கதவோரமாக நகர்ந்து நின்றுகொண்டாள்.

ஜெயப்பிரகாஷ் கார்டைக் கம்ப்யூட்டரில் சொருகினார். திரையில் ஒரு பச்சைக் கோடு எறும்பு ஊர்வது போல ஊர்ந்தது. டீக்காரர் வந்து மூன்று கிளாஸ் வைத்துவிட்டுப் போனார், மூன்றும் ஆடை படிந்து ஆறின. கோடு நடுவில் ஓரிடத்தில் நின்றது. பழனிவேல் மேசையைப் பிடித்துக்கொண்டார். மலர்கொடி கண்ணை மூடி, விளக்குக்கு முன்னால் வாய்க்கு வராத வேண்டுதலை இப்போது வேண்டினாள். கேமராவுக்காக அல்ல. அந்த அம்மாவுக்காக.

கோடு நகர்ந்தது. சின்னச் சின்னக் கட்டங்களாகப் படங்கள் வந்து விழ ஆரம்பித்தன. பாதி சாம்பல் பூத்த ஒன்று. நாதஸ்வரக்காரரின் கன்னம் ஒன்று. மணையில் இருவர். அப்புறம் கைகள், மஞ்சள் கயிறு, மேலே பறக்கும் அரிசி.

பழனிவேல் மோடாவில் தொப்பென்று உட்கார்ந்தார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். ஒரு படத்தைத் தேர்ந்து திலகவதிக்கு அனுப்பினார். அனுப்பிய சூட்டிலேயே போன் வந்தது.

"ரொம்ப நல்லா இருக்குது தம்பி. ஆனா என் மூஞ்சியவே காணோமே. அந்த மோளக்காரர் கை மறைக்குது."

"வேற இருக்குதும்மா" என்றார் பழனிவேல். குரல் உடைந்து சிரிப்பாக வந்தது. "நீங்க அழுவறதே நாலஞ்சு இருக்குது, அனுப்பறேன்."

மலர்கொடி புறப்படத் திரும்பினாள். ஜெயப்பிரகாஷ் அவளைக் கூப்பிட்டார். சோனி அவர் முன்னால் இருந்தது. அதைத் தொடாமல் பேசினார்.

"நிக்கான் இல்லன்னா இத எடுத்துக்கினு போலாம்னு நெனச்சிக்கினு இருப்ப. வேணாம்மா. இத வெச்சிருந்தவன் ஒரு ரிசப்ஷன் எடுக்கும்போது டிஜே லேசர் நேரா உள்ள அடிச்சிருக்கு. தகட்டுல ஒரு கோடு விழுந்திருக்கு. கடை வெளிச்சத்துல தெரியாது. நல்ல வெயில்ல எடுத்தா மயிரு ஒட்டின மாதிரி எல்லாப் படத்துலயும் நிக்கும். ரெண்டு மாசம் கழிச்சுத்தான் கண்டுபுடிச்சிருப்ப."

"சொல்லலியேண்ணே நீங்க."

"சொல்லலதான். விருத்தாசலத்துக்காரன் வந்தா அவன்கிட்டயும் சொல்லித் தொலைக்கணும் இப்ப." அவர் தலையைச் சொறிந்துகொண்டார். "நீ வாயத் தொறந்து கெடுத்துட்ட."

பழனிவேல் அவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். நிக்கானை எடுத்து லென்ஸ் மூடியை மாட்டினார்.

"வெள்ளிக்கிழம எத்தன மணிக்கு முகூர்த்தம்?"

"ஆறரைலேர்ந்து ஏழரைக்குள்ள."

"சொன்ன விலதான். ஸ்லாட்டு நல்லாருக்கு, எதுக்குக் கொறைக்கணும்?"

"கொறைக்க வேணாண்ணே. தோட்ட அடகு வெச்சிட்டு நாளைக்கி வாரேன்."

"தோட்டக் கழட்டி நீ கல்யாணத்துல நின்னா எனக்குத்தான் அசிங்கம். இருக்கிறதக் குடு. மிச்சத்துக்குப் பங்குனியில ரெண்டு கல்யாணம் எங்கூட செகண்ட் கேமரா புடி. பொம்பளைங்க பக்கம் ஆளு இல்லாம தடுமார்றேன்." அவளைப் பார்த்து அவர் இன்னும் சிரிக்கவில்லை. "கார்ட தொடறதுக்கு முன்னாடி என்னக் கேக்கணும்."

"கேக்கறேண்ணே" என்றாள்.

அவர் கேமராவின் மெனுவைத் திறந்து, படம் இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் விழும்படி மாற்றி வைத்தார். "இன்னொரு கார்டு வெச்சிருக்கியா?"

அவளிடம் ஒன்றுதான் இருந்தது. ஜெயப்பிரகாஷ் மேசை இழுப்பறையைத் துழாவி ஒரு கார்டை எடுத்து நீட்டினார். "இந்தா, நம்ம மொய். ரொம்ப நாளா சும்மா கெடக்குது."

மலர்கொடி அதை வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல யாருதாவது இருக்குமாண்ணே?"

"ஒண்ணும் இருக்காதும்மா."

"ஒருக்கா பாத்துடலாமே."

முணுமுணுத்துக்கொண்டே அவர் கம்ப்யூட்டரில் போட்டார். மூன்று பேரும் திரைக்கு முன்னால் குனிந்தார்கள். ஒரு குவார்ட்டர்ஸ் கூடம், கலர் காகிதத் தோரணம், மூக்கு நுனியில் கேக் ஒட்டிய ஒரு குழந்தை. அடுத்த படத்திலும் அதே குழந்தை, அழுதுகொண்டு.

"இது யாரு வூட்டுப் புள்ள?" என்றார் ஜெயப்பிரகாஷ். "யாரு குடுத்தான்னே தெரியலியே."

"காப்பி பண்ணி வெய்யி" என்றார் பழனிவேல். "தேடிக்கினு வருவாங்க."